வேலை இருந்ததாக யார் எழுதுவது?

ஜவ்வாது மலைமேல் இருக்கிற ஒரு வங்கிக் கிளையில் நான் கிளார்க். கவிதையும் எழுதுகிறவன், ஆனால் இங்கே பேசப் போவது படிவங்களைப் பற்றி. என் வேலையில் பாதி படிவம் நிரப்பித் தருவதுதான். எழுதத் தெரியாதவர்களும், எழுதத் தெரிந்தும் வங்கிப் படிவத்தைக் கண்டதும் கை நடுங்குகிறவர்களும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். நான் கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். நான் எழுதுவேன்.

சில மாதங்களுக்கு முன் ஒருத்தர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஜமுனாமரத்தூரைத் தாண்டி, பஸ் விட்ட இடத்திலிருந்து ரெண்டு மணி நேரம் நடந்தால் வரும் ஊர். பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். அடிவாரத்து ஊர் ஒன்றில், ஒரு பயிற்சி நிலையத்தில் 30 நாள் செல்போன் பழுதுபார்க்கும் பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ். கடை வைக்கக் கடன் வேணும் என்றார். அவர் ஊரில் செல்போனில் பேச வேண்டுமானால் பாறை மேல் ஏறி நிற்கணும். அது வேறு கதை.

கைரேகை இயந்திரத்தில் விரலை வைக்கச் சொன்னேன். மூணு தடவை வைத்தார். விழவில்லை. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, விரல் நுனியில் ரேகையே தேய்ந்து போயிருந்தது.

"முன்னாடி என்னா வேலண்ணே செஞ்சிங்க?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரம், சார்."

நான் பேனாவை வைத்தேன். அவர் கண்ணாடிக்குப் பக்கமாகக் குனிந்தார். "அத எழுதாதீங்க சார். எங்கனா போலீசு பாத்தா கேப்பாங்க."

'தொழில்' என்ற இடத்தில் நான் 'கூலி' என்று எழுதினேன். 'முன் அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பதினெட்டு வயதில் கோடாலி பிடித்த கை அது. 'இல்லை' என்று எழுதியது என் கை. கடன் மனு, வியாபார வாய்ப்பு குறைவு என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

வேலை இழந்த தொழிலாளர்களுக்குத் திறன் பயிற்சி, மறுவாழ்வு, ஆதரவுச் சேவை என்றெல்லாம் இப்போது நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த 'இல்லை'தான் ஞாபகம் வருகிறது. வேலை போனது என்று ஒருத்தன் சொல்ல வேண்டுமானால் அவனுக்கு வேலை இருந்தது என்று முதலில் யாராவது எழுதியிருக்க வேண்டும். எழுதப்படாதவனுக்கு வேலை இழப்பும் கிடையாது, இழப்பீடும் கிடையாது, மறுபயிற்சியும் கிடையாது. அவனுக்குக் கிடைப்பது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில், ஓராண்டில் 240 நாள் வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தர வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. 100 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையை மூட அரசின் அனுமதி வேண்டும் என்றிருந்ததை 300 ஆக்கிவிட்டு, அதே சட்டத்தில் 'மறுதிறன் நிதி' என்று ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். ஆட்குறைப்புக்கு ஆளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் முதலாளி கடைசியாகக் கொடுத்த ஊதியத்தில் 15 நாள் தொகையை அதில் கட்ட வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வரும்.

நான் வங்கிக்காரன், கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 12,000 ரூபாய் வாங்கினவனுக்கு 6,000 ரூபாய் வரும். அந்த 6,000 ரூபாயில் அவன் புதுசா ஒரு தொழில் கத்துக்கணும், கத்துக்கிற நாளெல்லாம் பிள்ளைகளுக்குச் சோறும் போடணும். இதற்குப் பெயர் மறுதிறன். ஆனாலும் சொல்கிறேன், அந்த 6,000மாவது அவனுக்கு உண்டு. ஏனென்றால் மஸ்டரில் அவன் பெயர் இருந்தது.

பெயர் இல்லாதவர்களின் கதையை நான் மலைக்கு வந்து தெரிந்துகொள்ளவில்லை. என் வீட்டிலேயே அது இருந்தது. நான் பாலாற்றங்கரைச் சேரியில் பிறந்தவன். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்ற கால்கள் பெரும்பாலும் நம் சேரிக் கால்கள்தான். எங்க நைனாவும் ஒரு டேனரியில் அப்படி நின்றவர். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் வட்டாரத் தோல் கழிவு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றை நாசமாக்கியவர்கள்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்றது. சரியான தீர்ப்பு. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் நாங்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். அதன்பின் நிலமும் கிணறும் கெட்டுப்போன உழவர்களுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. நிலம் வைத்திருந்தவனுக்குக் கணக்கு இருந்தது. தொட்டியில் நின்றவனுக்கு?

அந்த நாட்களில் எங்க நைனாவுக்கு வேலை நின்றது. முன்னறிவிப்பு என்பது கேட்டில் மேஸ்திரி சொன்ன ஒரு வார்த்தை: "நாளைக்கு வரவேணாம்." பத்து வருசம் வேலை செய்தவர், ஆனால் தினக்கூலி, பீஸ் ரேட். பதிவேட்டில் பெயர் கிடையாது. அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. அவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். நாற்பது வயதில் சித்தாள் வேலை. கால் வெடிப்பு மட்டும் கடைசிவரை ஆறவில்லை. அவர் தோல் தொழிலாளியாக இருந்தார் என்பதற்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே அத்தாட்சி அந்தக் கால்கள்தான்.

அப்போது அரசிடம் நிதி இல்லாமல் இல்லை. புதிய பொருளாதாரக் கொள்கை வந்த கையோடு, 1992இல் தேசியப் புதுப்பித்தல் நிதியம் என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். சீரமைப்பில் வேலை இழப்பவர்களுக்கு மறுபயிற்சியும் மறுவேலையும் என்று அறிவிப்பு. பெரும்பகுதிப் பணம் பொதுத்துறை நிறுவனங்களின் விருப்ப ஓய்வுத் தொகைக்கே போனது. பயிற்சிக்குப் போனது சிறு பங்கு. 2000இல் நிதியத்தையே மூடிவிட்டார்கள். 2014இல் திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோதும் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் தொகை பேசப்பட்டது. விருப்பம் யாருடையது என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அவர்களும் இழந்தவர்களே. ஆனால் அவர்களிடம் அடையாள அட்டை இருந்தது, சங்கம் இருந்தது, பத்திரிகையில் செய்தி வந்தது. வேலை போனது என்று நாட்டுக்குத் தெரிந்தது.

இப்போது மலைக்கு வருவோம். இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு, பீஞ்சமந்தை, ஜமுனாமரத்தூர் என்று மலை இன்று திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. சாமை, தினை, கேழ்வரகு, தேன், புளி. இவற்றோடு மரம். சந்தனத்துக்குப் பேர்போன மலை இது. திருப்பத்தூர் சந்தனக் கிடங்கில் ஏலம் நடக்கும்போது வெளிமாநில வியாபாரிகள் வந்து இறங்குவார்கள். வனத்துறை கூப்பு ஏலம் விட்டு மரம் வெட்டிய காலத்தில் கோடாலி பிடித்தவர்கள் யார்? காண்டிராக்டர் பெயர் ஏலப் பதிவேட்டில் இருக்கும். மரத்தின் எடை இருக்கும். வெட்டினவன் பெயர் இருக்காது.

எந்த மரத்தை எந்தப் பக்கம் சாய்க்கலாம், சரிவில் எங்கே நின்றால் உயிர் தப்பும், பட்டையைத் தட்டிப் பார்த்து உள்ளே வைரம் பாய்ந்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வது, ஒற்றையடிப் பாதையில் பாரத்தை எப்படித் தோள் மாற்றுவது, இதெல்லாம் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்த தொழில். மற்ற ஊரில் இதற்குப் பெயர் தொழில்நுட்பம். 1988இல் தேசிய வனக் கொள்கை மாறியது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டில் மரம் வெட்டுவதை இறுக்கிப் பிடித்தது. காடு காப்பாற்றப்பட வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் ஒரு தொழில் முடிவுக்கு வந்தபோது அதைச் செய்தவன் என்ன ஆனான் என்று கேட்க ஆளில்லை. கணக்கெடுக்க ஒரு மஸ்டர்கூட இல்லை. மலையே ஆட்குறைப்புக்கு ஆளாயிற்று. அது யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கோடாலிக்காரனைத் தேடி வந்தவன் புரோக்கர் ஒருத்தன்தான். அவன் வந்து வீட்டில் முன்பணம் கொடுத்தான். மரம் வெட்டுற வேலை என்றான். எங்கே என்று சொன்னானோ இல்லையோ, லாரியில் ஏற்றினான். ஆந்திரத்துச் சேஷாசலம் காடு, செம்மரம். 2015 ஏப்ரல் 7 அன்று அங்கே 20 பேரை ஆந்திரச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த கூலிகள். ஜவ்வாது மலைக்காரர்களும் சித்தேரி மலைக்காரர்களும் அதில் உண்டு. பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். மறுநாள் செய்தியில் அவர்கள் பெயர் என்ன? 'கடத்தல்காரர்கள்.' எந்தப் பதிவேட்டிலும் தொழிலாளியாக எழுதப்படாதவன் முதல்முறையாக எழுதப்பட்டது அப்படித்தான். நம் மாநில அரசு குடும்பத்துக்கு 3 லட்சம் அறிவித்தது. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பேர் பிணமாகக் கிடந்தார்கள். கல்வராயன் மலைப்பக்கத்துக் கூலிகள். வேலை இழந்தவனுக்குக் கிடைப்பது வேறு என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

இது புதிதும் அல்ல. 1992 ஜூன் 20 அன்று சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று நுழைந்த வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் செய்ததை நாடறியும். பதினெட்டுப் பெண்கள். 2011இல் தண்டனை, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு வரியை நாம் கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இழப்பீட்டோடு, அவர்களுக்கோ குடும்பத்தாருக்கோ நிரந்தர வேலை அல்லது சுயதொழில் ஏற்பாடு செய்து தர வேண்டும் என்றும் நீதிபதி சொன்னார். வாழ்வாதாரம் என்பது கருணை அல்ல, நீதியின் ஒரு பகுதி என்று எழுத 31 ஆண்டு ஆயிற்று.

ஒரு கேள்வி வரும் என்று தெரியும். என் கிளையிலேயே கேட்டார்கள்: "செம்மரம் வெட்டப் போனவன் திருடன்தானே, அவனுக்கு என்ன மறுவாழ்வு?" கள்ளச்சாராயம் காய்ச்சியவர்களுக்கு இதே தமிழ்நாட்டில் மறுவாழ்வு நிதி உண்டு. 'மனம் திருந்திய குற்றவாளிகள்' என்று பெயர் வைத்துக் கொடுக்கிறார்கள். ஆக, கொடுக்கலாம் என்பதில் அரசுக்கே தகராறு இல்லை. எனக்குத்தான் அந்தப் பெயரில் தகராறு. மலைக்காரன் எதற்காக மனம் திருந்த வேண்டும்? முன்பணத்தைக் கொடுத்து, ஊர் பெயர் தெரியாத காட்டில் இறக்கி, கடன் தீர்கிறவரை திரும்ப விடாமல் வேலை வாங்கினால் அதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: கொத்தடிமை. 1976ஆம் ஆண்டுச் சட்டம். முன்பணத்துக்காக நடமாடும் உரிமையை இழந்து உழைக்கிற எவனும் அந்தச் சட்டப்படி கொத்தடிமைதான். 2016இல் வந்த மறுவாழ்வுத் திட்டப்படி விடுவிக்கப்பட்ட ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம். உடனடி உதவி 30,000 வரை. மீதித் தொகை, முதலாளிக்குத் தண்டனை கிடைத்தபின். புரோக்கர் பெயரே தெரியாத வழக்கில் தண்டனை எப்போ கிடைக்கும் என்பது வேறு விஷயம். ஆனாலும் விடுவிப்புச் சான்றிதழ் என்ற அந்த ஒரு தாளில் அவன் தொழிலாளியாக இருக்கிறான், பாதிக்கப்பட்டவனாக இருக்கிறான். வழக்கு டைரியில் அவன் குற்றவாளி. எந்தத் தாளில் எழுதுவது என்று முடிவு செய்வது அதிகாரிகள். ஏன் எப்போதும் ரெண்டாவது தாளே அவர்கள் கைக்கு வருகிறது?

பயிற்சியைப் பற்றி. பயிற்சியே வேணாம் என்று சொல்கிறவன் அல்ல நான். ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் என்று வங்கிகள் பொறுப்பில் மாவட்டந்தோறும் இருக்கின்றன. 1982இல் கர்நாடகத்து உஜிரேயில் ஆரம்பித்த மாதிரி அது. 10 நாள் முதல் 45 நாள் வரை இலவசப் பயிற்சி, தங்க இடம், சாப்பாடு, பிறகு இரண்டாண்டு தொடர்ந்து பார்த்துக்கொள்வது என்பது விதி. நல்ல விதி. அதனால் கடை வைத்துப் பிழைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பயிற்சிக்கு வருகிறவனுக்கு நிலையத்தில் சோறு உண்டு, அவன் வீட்டில்? ஒரு நாள் கூலி 400 என்று வைத்துக்கொண்டாலும் 30 நாளைக்கு 12,000 ரூபாயை விட்டுவிட்டு அவன் மலையிறங்க வேண்டும். மலையில் அந்தப் பணத்துக்கு ஈடு, பொண்டாட்டி கம்மலை அடகு வைப்பது. பயிற்சி முடிந்து வருகிறவன் கையில் சான்றிதழ் ஒன்று, அடகுச் சீட்டு ஒன்று. அந்தச் செல்போன் அண்ணன் கையிலும் ரெண்டும் இருந்தது. அடகுச் சீட்டுக்கு வட்டி ஏறுது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. எந்தப் பயிற்சியும் 'உனக்கு என்ன தெரியாது?' என்று கேட்டே தொடங்குகிறது. 'என்ன தெரியும்?' என்று கேட்பதில்லை. தெரியும் என்று ஒப்புக்கொண்டால் அவனை மாணவனாக உட்கார வைக்க முடியாது, கூலி கொடுக்க வேண்டி வரும். மரத்தை அறிந்தவனுக்கு நாற்றங்கால், விதை சேகரிப்பு, பட்டா நிலத்தில் சந்தனம் வளர்ப்பு, தச்சு என்று எத்தனையோ இருக்கிறது. சாமை விளைகிற மலையில் உமி நீக்கும் இயந்திரம் ஊருக்கொன்று இருந்தால், குத்தாத சாமையை அடிவாரத்து வியாபாரி சொன்ன விலைக்குப் போடத் தேவையில்லை. ஆதரவுச் சேவை என்றால் நிலமும் காட்டு விளைபொருள் உரிமையும்தான் முதல். 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் 2016 வரை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் முடங்கிக் கிடந்தது. பிற மாநிலத்தில் பட்டா கொடுத்துக்கொண்டிருந்த எட்டு ஆண்டு. அந்த எட்டு ஆண்டுக்குள்தான் 2015 ஏப்ரல் 7 வருகிறது. இதைத் தற்செயல் என்று என்னால் கடந்து போக முடியவில்லை.

நம் பக்கமும் கொஞ்சம் பார்க்கணும். எஸ்.சி., எஸ்.டி. என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். நம் மேடைகளில் எஸ்.டி. என்ற எழுத்துக்கு ஆள் இருக்கிறதா? இந்த மலையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நம் தோழர் ஒருவர், "அவங்க பேருக்குப் பின்னாடி கவுண்டர்னு போட்டுக்கறாங்களே" என்றார். போட்டுக்கொள்கிறார்கள்தான். அதைப் பற்றி அவர்களோடு உட்கார்ந்து சண்டை போடலாம். ஆனால் சண்டை போட முதலில் மலையேறணும். சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவனும் சேஷாசலத்தில் விழுந்தவனும் ஒரே பதிவேட்டில் விடுபட்டவர்கள். நம் உறவு அங்கே இருக்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை. ஊர் ஊராக, கிராம சபை முன்னிலையில், போலீஸ் இல்லாமல், மரவேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் எஸ்டேட்டுக்கும் முன்பணத்தில் கொண்டுபோகப்பட்டவர்களின் பட்டியல் எடுக்கப்பட வேண்டும். அதில் சொன்ன எதுவும் வழக்காகக் கூடாது. கொத்தடிமையாக இருந்தவர்களுக்கு விடுவிப்புச் சான்றிதழ் தர வேண்டும், மறுவாழ்வுத் தொகை முதலாளியின் தண்டனைக்காகக் காத்திருக்கக் கூடாது. பயிற்சிக் காலத்துக்கு முழுக் கூலி வேண்டும். பயிற்சி மலைமேல், மலைக்கு உதவுகிற தொழிலில் நடக்க வேண்டும். வன உரிமைப் பட்டா நிலுவை தீர்க்கப்பட வேண்டும். வேலை செய்த கைகளுக்குச் சேர வேண்டிய பாக்கி இது.

அந்த அண்ணன் மறுபடி வந்தார், பணம் எடுக்க இல்லை, அடகு வட்டி கட்ட. புதுசா ஒரு மனு போடலாம் என்றேன். "வேணாம் சார், நாலு தபா இறங்கி ஏறி ஆச்சு" என்றார். பட்டியலைப் பற்றி, சான்றிதழைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்கூரு ஆளுங்க எல்லாம் சொன்னா நானும் சொல்றேன் சார். ஒருத்தனா சொல்ல மாட்டேன்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அடுத்த ஞாயிறு அவர் ஊருக்கு நடந்து போகலாம் என்றிருக்கிறேன். கூட வர விருப்பமுள்ள தோழர்கள் போளூரில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் போதும்.